வேதாளம் ஏறிய மரம்

"கதைப் புத்தகம் படித்துக் கெட்டுப் போகாதே!" என்று பிள்ளையை அதட்டாத தகப்பனாரை முன்பெல்லாம் தமிழ்நாட்டில் காண்பது அரிது. "ஒரு கதைப் புத்தகமாவது கையில் எடுக்கிறானா, பாருங்கள்!" என்று அங்கலாய்க்காத தகப்பனாரை இன்று காண்பது அரிது. முன்னவருடைய பேரர்தான் பின்னவர். இரண்டு தலைமுறைக்குள் குற்றமாக இருந்தது குணமாகிவிட்டது. காலம் செய்கிற வேடிக்கைகளில் இதுவும் ஒன்று.

ஆனால் வேடிக்கை பார்த்துவிட்டுப் போய்விடக் கூடிய விஷயம் அல்ல இது. யாரும் ஊட்டாமலும், ஊட்டாததோடு மட்டுமின்றி அடித்து விலக்கியபோதும், அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வாசிப்பில் ஆசை எங்கிருந்து வந்தது? கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுத்தும் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஏன் வரமாட்டேன் என்கிறது? இதற்கு மனோதத்துவ நிபுணர்கள் ஏதேனும் பதில் வைத்திருப்பார்கள். கதை எழுதிப் பிழைக்கிறவனுக்குச் சரித்திரத்தைப் புரட்டிப் பார்ப்பதுதான் சுலபமான வழி. புரட்டிப் பார்ப்போம்.

நம்முடைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் நிறையப் படித்தார்கள். அதில் சந்தேகமில்லை. மணலைப் பரப்பி விரலால் எழுத்துப் பழகினார்கள். பிறகு ஓலையும் எழுத்தாணியும். அரிச்சுவடி, ஆத்திசூடி, கொன்றை வேந்தன், மூதுரை, எண்சுவடி என்று படிப்படியாக ஏறினார்கள். மூத்த பிள்ளையான சட்டாம்பிள்ளை இளைய பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பான். இந்த ஏற்பாட்டில் மனத்தைப் பறிகொடுத்தவர் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார். சென்னையில் அநாதைச் சிறுவர் விடுதி ஒன்றை நடத்திவந்த அவர், நம் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்து 1789-ஆம் ஆண்டு வாக்கில் தம் பள்ளியிலும் அதைப் புகுத்தினார். சீமைக்குத் திரும்பிய பின் அதைப் பற்றி 1797-இல் ஒரு புத்தகமும் எழுதினார். 'மதராஸ் முறை' என்ற பெயரோடு நம் சட்டாம்பிள்ளை இங்கிலாந்துப் பள்ளிகளில் வெகு காலம் அதிகாரம் செலுத்தினான்.

இவ்வளவு பெருமை உள்ள திண்ணைப் பள்ளியில் ஒன்று மட்டும் இல்லை. சும்மா படிப்பதற்கு ஒரு புத்தகம் இல்லை. அங்கே இருந்ததெல்லாம் ஒப்பிப்பதற்கான ஏடு. பிழையாக ஒப்பித்தால் பிரம்பு. அதற்கும் மிஞ்சினால் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம். பொருள் என்ன என்று கேட்கிற பிள்ளையை வாத்தியார் அதிகப்பிரசங்கி என்று சொன்னார். அதோடு அந்தத் திண்ணையில் எல்லாருக்கும் இடமும் இல்லை. பெண் குழந்தைகளில் மிகச் சிலரே அங்கே உட்கார்ந்தார்கள். சேரியிலிருந்து ஒரு குழந்தை அந்தத் தெருவுக்குள் வருவதே முடியாத காரியம். படிப்பு அவ்வளவு பத்திரமாக இருந்தது. பூட்டி வைத்த பெட்டியைப் போலப் பத்திரமாக இருந்தது.

ஆகவே ஆசை பள்ளிக்கூடத்தில் பிறக்கவில்லை. அது பிறந்த இடம் காது. பாட்டி சொன்ன கதையில், கோயில் மண்டபத்துக் காலட்சேபத்தில், விடிய விடிய நடந்த தெருக்கூத்தில், வில்லுப்பாட்டில், அறுவடைக் களத்தில் யாரோ பாடிய அம்மானையில் அது பிறந்தது. கதை கேட்ட குழந்தை கண் மூடித் தூங்கும்போது, "அப்புறம்?" என்ற ஒரு சொல்லை உதட்டில் வைத்துக்கொண்டே தூங்குகிறது. இந்த 'அப்புறம்' இருக்கிறதே, இதுதான் வாசிப்பின் விதை. மற்றவையெல்லாம் உரமும் தண்ணீருமே.

இதற்குச் சாட்சி வேண்டுமானால் பெரிய மனிதர் ஒருவரையே அழைக்கலாம். உத்தமதானபுரத்துக் குடும்பத்தில் 1855-இல் பிறந்த உ. வே. சாமிநாதையரின் தகப்பனார் வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான். ராமாயணப் பிரசங்கம் செய்து ஜீவனம் நடத்தியவர். மகனும் சங்கீதத்தில் தேர வேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால் பிரசங்கத்தோடு வளர்ந்த பிள்ளையின் காது, ராகத்தைவிடப் பாட்டில் இருந்த தமிழைப் பற்றிக்கொண்டது. அரியலூரில் சடகோபையங்கார் என்பவர் செய்யுட்களை எடுத்து ரசித்து ரசித்துப் பொருள் சொன்னபோது, அந்தப் பிள்ளைக்குத் தமிழின் ருசி தெரிந்தது. அதற்குப் பிறகு நடந்தது ஒரு வேட்டை. சொல்லிக் கொடுப்பவர் எந்த ஊரில் இருக்கிறாரோ அந்த ஊருக்குக் குடும்பமே போயிற்று. செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் கொஞ்ச காலம். கடைசியில் 1871-இல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் காலடி. ஒரு சிறுவனுடைய 'அப்புறம்?' என்ற கேள்விக்குப் பதில் தேடி ஒரு குடும்பம் ஊர் ஊராக அலைந்தது. பின்னாளில் அவர் ஓலைச்சுவடிகளைத் தேடி அலைந்தாரே, அந்த அலைச்சலுக்கு ஒத்திகை இந்தப் பிள்ளைப் பிராயத்து அலைச்சல்தான்.

எல்லாக் குடும்பங்களும் இப்படி அலைய முடியுமா? முடியாது. புத்தகம்தான் வீடு தேடி வரவேண்டும். அது வருவதற்கு அச்சு யந்திரம் வேண்டியிருந்தது. தமிழ் எழுத்து அச்சேறியது என்னவோ வெகு சீக்கிரம். 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சாகிவிட்டது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு பாதிரியார் அச்சுக்கூடம் வைத்து 1715-இல் புதிய ஏற்பாட்டையும் அச்சிட்டார். ஆனால் பாதிரிமார் கையிலும் சர்க்கார் கையிலும் இருந்த அச்சுக்கூடம் ஊரார் கைக்கு வரக் காலமாயிற்று. 1835-இல் அச்சுக் கட்டுப்பாடுகளை நீக்கிய சட்டம் வந்த பிறகுதான் நம்மவர்களின் அச்சுக்கூடங்கள் பெருகின.

இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் பரமார்த்த குருவின் கதையை எழுதினார். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் தமிழ் பழகுவதற்குப் பயன்பட்ட அந்தக் கதை, 1822-இல் லண்டனில் ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சாயிற்று. ஆனால் மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்ற ஐந்து சீடர்களையும் தமிழ்க் குழந்தைகள் தங்கள் சொத்தாக ஆக்கிக்கொண்டார்கள். ஆற்றைக் கடந்து வந்து தன்னை விட்டுவிட்டு மற்றவர்களை எண்ணுகிற சீடனைக் கண்டு சிரிக்காத குழந்தை உண்டா? பெரியவர்களுக்கென்று எழுதப்பட்டதை அபகரித்துக்கொள்வது குழந்தைகளின் பழைய வழக்கம். வாசிப்பின் சரித்திரமே பெரும்பாலும் இத்தகைய திருட்டுகளின் சரித்திரம்தான்.

அச்சுக்கூடம் பெருகியதும், பண்டிதர்கள் கவனிக்காத ஒரு மூலையில் ஒரு புதுச் சரக்கு உற்பத்தியாயிற்று. அதுதான் 'பெரிய எழுத்து'ப் புத்தகம். பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை, பெரிய எழுத்து நல்லதங்காள் கதை, அல்லி அரசாணி மாலை, பவளக்கொடி மாலை, தேசிங்குராஜன் கதை, மதனகாமராஜன் கதை என்று அந்த வரிசை நீளும். மட்டமான காகிதம், மேலே ஒரு முரட்டுச் சித்திரம், உள்ளே கட்டை கட்டையான எழுத்து. சென்னையில் குஜிலிக்கடைத் தெருவில் விற்றதால் இந்த ரகத்துக்கே குஜிலி நூல்கள் என்ற பெயர் நிலைத்தது. திருவிழாவிலும் சந்தையிலும் வளையலுக்கும் பொரிகடலைக்கும் பக்கத்தில் சாக்கை விரித்துப் பரப்பி விற்றார்கள். எழுத்து ஏன் பெரிதாக இருந்தது? பார்வை மங்கியவர்களுக்காக மட்டும் அல்ல. அரைகுறையாக எழுத்துக் கூட்டத் தெரிந்தவர்களுக்காக. பிரம்படியோடு படிப்பை நிறுத்திக்கொண்டவர்களுக்காக.

என் பாட்டி அப்படிப்பட்டவர்களில் ஒருத்தி. மூன்றாம் வகுப்போடு அவளை வீட்டில் நிறுத்திவிட்டார்கள். தினசரிப் பத்திரிகையின் பொடி எழுத்து அவளுக்கு எட்டாது. பெரிய எழுத்துப் புத்தகம் மட்டும் எட்டும். மத்தியானத்தில் நடைக்கல்லில் உட்கார்ந்து, விரலை வரிக்குக் கீழே ஓட்டி, ஒவ்வோர் எழுத்தாக இழுத்து, "வி-க்-கி-ர-மா-தி-த்-த-ன்" என்று ராகம் போட்டு வாசிப்பாள். பக்கத்தில் உட்கார்ந்து நான் கேட்பேன். அவளுடைய விரல் நகர்கிற வேகம் எனக்குப் போதவில்லை. வேதாளம் என்ன சொல்லிற்று என்று தெரிந்தாக வேண்டுமே! ஒரு நாள் அவள் விரலை முந்திக்கொண்டு என் கண் அடுத்த வரிக்குத் தாவிவிட்டது. வாசிப்பு என்று ஒன்று எனக்கு வந்தது அப்போதுதான். அதற்கு முன்பே பள்ளிக்கூடத்தில் எனக்கு எழுத்தெல்லாம் தெரியும். தெரிந்து என்ன? கண் தாவவில்லையே!

இது ஏதோ என் பாட்டிக்கு மட்டும் உரிய பெருமை என்று நினைக்க வேண்டாம். மகாத்மா காந்தி தம் சுயசரிதையில், பள்ளிப் பாடத்துக்கு வெளியே எதையும் படிக்கச் சிறு வயதில் தமக்கு விருப்பம் இருந்ததில்லை என்று எழுதியிருக்கிறார். ஆனால் தகப்பனார் வாங்கி வைத்திருந்த சிரவணனைப் பற்றிய நாடகப் புத்தகம் ஒன்று தற்செயலாக அவர் கண்ணில் பட்டது. அதை ஆவலோடு படித்தார். அதே சமயத்தில் படம் காட்டிப் பிழைப்பவர்கள் ஊருக்கு வந்தார்கள். கண் தெரியாத தாய் தந்தையரைச் சிரவணன் காவடியில் சுமந்து போகும் படத்தைக் காட்டினார்கள். அது அவர் மனத்தை விட்டு அகலவே இல்லை. யாரும் படி என்று சொல்லிக் கொடுத்த புத்தகம் அல்ல அது. வீட்டில் கிடந்த புத்தகம். 'கிடந்த' என்ற சொல்லை வாசகர்கள் கவனிக்க வேண்டும். குழந்தையின் கைக்கு எட்டும் தூரத்தில், யாருடைய கட்டளையும் இல்லாமல், ஒரு புத்தகம் கிடக்க வேண்டும்.

பெரிய எழுத்துக்கு அடுத்தபடியாக வந்தது நாவல். மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-இல் வெளிவந்தது. ராஜமையரின் 'கமலாம்பாள் சரித்திரம்' 1893 முதல் 'விவேக சிந்தாமணி' என்ற பத்திரிகையில் தொடர்ந்து வந்தது. இவை கண்ணியமான புத்தகங்கள் என்று பெரியவர்கள் விட்டு வைத்தார்கள். அதன் பிறகு ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகியோர் துப்பறியும் நாவல்களோடு வந்தார்கள். அப்போதுதான் வீட்டில் கலவரம் ஆரம்பமாயிற்று. பூகோளப் புத்தகத்துக்குள் நாவல், போர்வைக்குள் நாவல், பரண்மேல் நாவல். கண்டுபிடித்தால் முதுகில் பூசை. இலக்கிய விமர்சகர்கள் இந்த நாவல்களை இன்றும் மதிப்பதில்லை. மதிக்க வேண்டும் என்று நானும் வாதாட வரவில்லை. ஆனால் ஒன்று சொல்லுவேன். மௌனமாக, தனியாக, வேகமாக வாசிக்கத் தமிழர்களுக்குப் பழக்கியவை அவை. ஊர் கூடி உரக்க வாசித்த காலம் போய், ஒரு மூலையில் ஒருவர் தமக்குள்ளேயே வாசிக்கிற காலம் பிறந்தது. திருட்டுத்தனமாகப் படிக்கிறவன் உரக்கவா படிப்பான்?

இனி, அந்தத் திண்ணையில் இடம் இல்லாமல் போனவர்களின் கதைக்கு வருவோம். வை. மு. கோதைநாயகி அம்மாள் 1901-இல் பிறந்தவர். ஐந்து வயதிலேயே விவாகம் நடந்துவிட்டது. பள்ளிக்கூடத்தை அவர் மிதித்ததில்லை. கதை சொல்லும் வல்லமை மட்டும் இருந்தது. அவருடைய முதல் நூலான 'இந்திர மோகனா' என்ற நாடகத்தை அவர் வாயால் சொல்ல, ஒரு சிநேகிதி எழுதினாள். பிறகு தாமே எழுதப் படிக்கத் தேர்ந்து, 1925-இல் 'ஜகன்மோகினி' பத்திரிகையை ஏற்று நடத்தினார். நூறு நாவல்களுக்கு மேல் எழுதினார். எழுத்தறியாமல் வைக்கப்பட்ட ஒரு குழந்தை, எத்தனையோ வீடுகளின் அடுப்பங்கரைக்குள் புத்தகத்தைக் கொண்டு சேர்த்தது. இது எப்பேர்ப்பட்ட பழிவாங்கல், பாருங்கள்! ஆனால் இந்த வாய்ப்புக் கிடைக்காமல், சொல்ல வந்த கதை வாயோடு போய்விட்ட பெண்கள் எத்தனை பேர்? அந்தக் கணக்கை எந்தச் சரித்திரத்திலும் காண முடியாது.

சேரிக் குழந்தைகளுக்காக ஆல்காட் 1894-இல் சென்னையில் இலவசப் பள்ளி தொடங்கினார். அயோத்திதாச பண்டிதர் 1907-இல் ஆரம்பித்த பத்திரிகைக்கு 'ஒரு பைசாத் தமிழன்' என்று பெயர் வைத்தார். பத்திரிகையின் பெயரிலேயே விலையைச் சேர்த்துவிட்டார் அல்லவா? அதில் ஒரு பெரிய உண்மை அடங்கியிருக்கிறது. வாசிப்பைப் பற்றிப் பேசுகிற நாம் ருசியைப் பற்றிப் பேசுகிறோம். அறிவைப் பற்றிப் பேசுகிறோம். விலையைப் பற்றிப் பேசுவதில்லை. வாங்க முடியாதவனுக்கு ருசி எங்கிருந்து வரும்? ஒரு பைசாவுக்குப் பத்திரிகை கொடுக்க நினைத்தவருக்கு அது தெரிந்திருந்தது. சந்தையில் சாக்கு விரித்தவருக்கும் தெரிந்திருந்தது.

பிறகு வந்த பத்திரிகைகளின் காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1926-இல் பிறந்து 1928-இல் வாசன் கைக்கு வந்த 'ஆனந்த விகடன்', 1941-இல் தொடங்கிய 'கல்கி' ஆகியவை தமிழ்க் குடும்பங்களுக்கு வாரத்தில் ஒரு நாளைத் திருநாளாக்கின. பத்திரிகை வந்த அன்று யார் முதலில் படிப்பது என்று வீட்டில் சண்டை. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வந்தபோது, வாரா வாரம் தாள்களைப் பிரித்தெடுத்துச் சேர்த்து, ஊரில் பைண்டு செய்கிறவரிடம் கொடுத்து, காலிகோ அட்டை போட்டு வைத்துக்கொண்டார்கள். எந்தச் சீர்வரிசையிலும் சேராத அந்தப் பைண்டு புத்தகம்தான் பல வீடுகளில் குழந்தைகளுக்குக் கிடைத்த முதல் நூலகம்.

குழந்தைகளுக்கென்றே தனி எழுத்தும் பெருகியது. பாரதியார் 1915-இல் பாப்பாவைப் பாட்டில் கூப்பிட்டுப் பேசினார். அழ. வள்ளியப்பாவின் 'மலரும் உள்ளம்' 1944-இல் வந்தது. வங்கியில் கணக்குப் பார்த்துக்கொண்டே குழந்தைகளுக்குப் பாட்டுக் கட்டிய அவர், 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தையும் அமைத்தார். அதே ஆண்டில் ஆர்வியை ஆசிரியராகக் கொண்டு 'கண்ணன்' வந்தது. அதற்கு முன்பே, 1947 ஜூலையில், 'அம்புலிமாமா' பிறந்துவிட்டது. அதில் மாதந்தோறும் யார் வந்தார்கள்? நம் பழைய விக்கிரமாதித்தனும் வேதாளமும்தான்! தோளில் பிணமும் கையில் வாளுமாக ராஜா நடந்து போகிற சங்கரின் சித்திரத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் இன்று தாத்தாக்களாக இருக்கிறார்கள்.

இந்த வேதாளத்தின் பிரயாணத்தைச் சற்று யோசித்துப் பாருங்கள். பதினோராம் நூற்றாண்டில் காச்மீரத்தில் சோமதேவர் எழுதிய 'கதாசரித்சாகர'த்தில் அது இருக்கிறது. அங்கே அது தொங்கியது சிம்சபா மரத்தில். தமிழ்நாட்டுக்கு வந்ததும் நம் கொல்லை முருங்கை மரத்தில் ஏறிக்கொண்டது. வாய்க்கதையாக வந்தது, பெரிய எழுத்தில் அச்சேறியது, வண்ணப் படத்தோடு மாதப் பத்திரிகையில் தொங்கியது. கதை சொல்லி, கேள்வி கேட்டு, பதில் வந்ததும் பறந்துபோய் மறுபடியும் முருங்கை மரம் ஏறியது. அதன் தந்திரம் ஒன்றே ஒன்றுதான். முடிந்தது என்று நினைக்கும்போது முடியாமல் இருப்பது. குழந்தையின் 'அப்புறம்?' என்ற கேள்விக்கு ஓய்வே கொடுக்காத ஆசாமி அது.

ஆனால் பத்திரிகையும் வாங்க வசதி இல்லாதவர்கள்? அவர்களை நினைத்தவர்களும் இருந்தார்கள். மன்னார்குடிப் பக்கத்தில் 1931-இல் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். அதே ஆண்டில்தான் சீகாழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்து நூலாக வெளியிட்டார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்குரிய வாசகர் என்பது அவற்றின் சாரம். மாட்டு வண்டிக்கும் இந்த விதிகளுக்கும் உள்ள உறவு வெளிப்படை. 1948-இல் சென்னை ராஜ்யத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் இத்தகைய சட்டம் இதுவே முதல். வீட்டு வரியோடு நூலகத்துக்கும் ஒரு வரி சேர்ந்தது. பணக்காரர் வீட்டு வரியில் ஏழை வீட்டுப் பிள்ளை கதைப் புத்தகம் படித்தான்.

இவற்றையெல்லாம் கழித்துக் கட்டாமல் காப்பாற்றியவர் ஒருவரையும் சொல்ல வேண்டும். கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா, பண்டிதர்கள் தள்ளிய பாட்டுப் புத்தகங்களையும் நாவல்களையும் துண்டுப் பிரசுரங்களையும் வாழ்நாள் முழுவதும் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்த பிறகு, அந்தச் சேகரிப்பே சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் ஆயிற்று. சந்தையில் சாக்கின்மேல் கிடந்த நல்லதங்காளுக்கு இன்று குளிர்சாதன அறை!

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வரலாம். 1951-இல் இந்தியாவில் எழுத்தறிந்தவர்கள் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர். 2011-இல் தமிழ்நாட்டில் மட்டும் நூற்றுக்கு எண்பது பேர். எழுத்தறிந்தவர் பெருகினார்கள். ஆனால் 'அம்புலிமாமா' 2013-க்குப் பின் வருவதில்லை. 'கண்ணன்' 1972-லேயே நின்றுவிட்டது. சென்னையிலும் மதுரையிலும் மாளிகை போன்ற நூலகங்கள் எழுந்திருக்கின்றன, மகிழ்ச்சிதான். ஆனால் குழந்தை தானாக நடந்து போகக்கூடிய தூரத்தில் இருப்பது மாளிகை அல்ல; தெருக்கோடிக் கிளை நூலகம். அது மாலையில் திறந்திருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

கைபேசி வந்து கெடுத்துவிட்டது என்று பழி போடுவது எளிது. நாவல் வந்து கெடுத்துவிட்டது என்று அன்றைக்கும் இப்படித்தான் பழி போட்டார்கள். சரித்திரம் சொல்லுவது வேறு. முதலில் காதுக்குக் கதை வேண்டும். அதைச் சொல்ல ஒரு வாய் வேண்டும். பிறகு கைக்கு எட்டும் விலையில், கைக்கு எட்டும் இடத்தில், ஒரு புத்தகம் கிடக்க வேண்டும். அதைப் பற்றி யாரும் பரீட்சை வைக்கக் கூடாது. இந்த மூன்றும் கூடிய வீட்டில் ஆசை தானே முளைத்தது. ஒன்று குறைந்த இடத்தில், எவ்வளவு புத்திசாலிக் குழந்தையானாலும் முளைக்கவில்லை. திண்ணைப் பள்ளியில் மூன்றாவது குறைந்தது. ஏழைக் குடிசையில் இரண்டாவது குறைந்தது. இன்றைய வசதியான வீடுகளில் அலமாரி நிறையப் புத்தகம் இருக்கிறது. கதை சொல்ல ஒரு வாய்தான் இல்லை.

ஆகையால், பிள்ளை படிக்கவில்லையே என்று கவலைப்படும் பெற்றோர்கள் இன்றிரவு புத்தகத்தை நீட்ட வேண்டாம். விளக்கை அணைத்துவிட்டு ஒரு கதையைச் சொல்லத் தொடங்கட்டும். பாதியில் நிறுத்திவிடட்டும். மிச்சக் கதை உள்ள புத்தகம் காலையில் எங்கேயாவது கிடக்கட்டும்.